சொந்தக் காரில் வருவேன்

மாரிக்குப்பம், தங்கவயல்
27-8-78

அன்புள்ள அண்ணனுக்குத் தங்கை கஸ்தூரியின் வணக்கம். இங்கே நான், அவர், அத்தை மூவரும் அண்ணாமலையான் புண்ணியத்தில் நல்லபடி இருக்கிறோம். அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலையா? அண்ணி சௌக்கியமா?

ஒரு சேதி. நான் முழுகாமல் இருக்கிறேன், நாலாம் மாதம். போன தடவை ஊரெல்லாம் சொல்லிவிட்டு என்ன ஆயிற்று என்று உனக்குத் தெரியும். அதனால் இத்தனை நாள் வாயைத் திறக்கவில்லை. அம்மாவிடம் முதலில் சொல். கத்தாமல், பக்கத்தில் உட்கார்ந்து சொல்.

ஏழாம் மாதம் வளையல் போட்டு அழைத்துப் போக நீதான் வர வேண்டும். பிறந்த வீட்டிலிருந்து ஆள் வந்து கூப்பிடாமல் நானாகப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்ப முடியாது. நீயோ மூன்று வருஷமாக இந்த வாசலை மிதிக்கவில்லை. அங்கே பிள்ளை கலைந்துபோய் என்னைத் திரும்பக் கொண்டுவந்து விட்டாயே, அன்றைக்கு அத்தை, "வயித்துப் புள்ளக்காரிய மல்லாட்ட மூட்ட மாதிரி பஸ்ல போட்டு உருட்டிக்கினு போயிட்டியேப்பா"ன்னு கேட்டது தப்புதான். பேரப்பிள்ளை போன துக்கத்தில் கேட்டது. பதிலுக்கு நீ, "இனிமே இந்த வாசப்படிய மிதிச்சா சொந்தக் கார்ல வந்துதான் மிதிப்பேன்"னு கத்திவிட்டுப் போனாய். லைன் வீடு மொத்தமும் கேட்டது. இன்னமும் என்னிடம் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

இந்தத் தடவை பஸ் என்ற பேச்சே கூடாது, கார் வந்தால்தான் அனுப்புவேன் என்கிறாள் அத்தை. சொந்தக் கார் அவள் கேட்கவில்லை, அது உன் வாய். வாடகைக் காரில் வா அண்ணா. எனக்கு அம்மாவைப் பார்க்க வேண்டும். சோறு பிசையும்போதெல்லாம் அவள் கை ஞாபகம் வந்து பாதியில் எழுந்துவிடுகிறேன்.

அம்மாவுக்கு என் நமஸ்காரம். அண்ணியைக் கேட்டதாகச் சொல்.
கஸ்தூரி


திருவண்ணாமலை
20-9-78

ஆசைத் தங்கச்சி கஸ்தூரிக்கு அண்ணன் சகாதேவன் ஆசீர்வாதம் சொல்லி எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். அம்மா முழங்கால் உன் கடுதாசி வந்த அன்றைக்கே சரியாகிவிட்டது, தெருவில் நாலு வீடு ஓடிப் போய்ச் சொல்லிவிட்டு வந்தாள். நீ எப்படி இருக்கிறாய்? மசக்கை எல்லாம் நின்றதா?

மன்னித்துக்கொள், நான் கத்தித்தான் சொன்னேன். அம்மா அடுப்பிலிருந்த பாலை மறந்துவிட்டாள். பொங்கி அடுப்பே அணைந்துபோயிற்று. அதைப் பார்த்துக்கொண்டு சிரிக்கிறாள், அழுகிறாள், என்னைத் திட்டுகிறாள், எல்லாம் ஒரே நேரத்தில்.

வாடகைக் காராம், வாடகைக் கார்! அடிப் பைத்தியமே, கார் வாங்கிவிட்டேன். சொந்தக் கார். டாக்சி, கறுப்பு உடம்பு, தலையில் மஞ்சள். அறுபத்தாறு மாடல். புரோக்கர் அப்பாசாமி முடித்துக் கொடுத்தார். கடலூர் பக்கத்து ஆள் ஒருவர் வைத்திருந்த வண்டி. பதினைந்து வருஷம் லாரி ஓட்டினவன் நான், என்னை ஏமாற்ற முடியுமா? பானெட்டைத் திறந்து காதை வைத்துக் கேட்டேன். இன்ஜின் சும்மா தாலாட்டுப் பாடுகிறது. பிரேக் இன்ஸ்பெக்டர் ஓட்டிப் பார்த்து, லைட் போட்டு, ஹாரன் அடித்து, வண்டி ஓடத் தகுதி என்று எஃப்.சி. கொடுத்துவிட்டார். புது பெயிண்ட், உள்ளே புதுத் தேங்காய் நார் மேட், கதவைத் திறந்தால் கோயில் மாதிரி சாம்பிராணி வாசனை. விற்றவர் நல்ல பக்திமான் போலிருக்கிறது.

உன் அண்ணி மட்டும், "கதவ சாத்தினா உள்ள என்னமோ பொலபொலன்னு கொட்டுதுங்க" என்கிறாள். வாழ்க்கையில் டிபன் கேரியரைத் தவிர எதையும் மூடித் திறக்காதவள், கார் பார்க்க வந்துவிட்டாள்.

விஜயதசமி அன்று பூஜை. முதல் சவாரி அம்மாவுக்கு, மலையைச் சுற்றி. கார்த்திகை பிறந்ததும் உன் வாசலில் ஹாரன் கேட்கும். உன் மாமியார் காதைப் பொத்திக்கொள்ளட்டும். தீபம் நீ இங்கேதான் பார்க்கப் போகிறாய்.

உடம்பைப் பார்த்துக்கொள். மாப்பிள்ளையையும் அத்தையையும் விசாரித்ததாகச் சொல்.
சகாதேவன்


மாரிக்குப்பம்
30-9-78

கார்க்கார அண்ணனுக்கு வணக்கம். எல்லோரும் நலம். அம்மாவை இனிமேல் தெருவில் ஓட வேண்டாம் என்று சொல்.

உன் கடுதாசியைச் சத்தம் போட்டுப் படிக்கச் சொன்னாள் அத்தை. படித்தேன், "காதைப் பொத்திக்கொள்ளட்டும்" என்ற இடத்தை மட்டும் விட்டுவிட்டேன். கேட்டுவிட்டு உள்ளே போனவள், சாயங்காலம் பைப்படியில், "எங்க மருமவள சொந்தக் கார்ல வந்து கூப்பிடுறாங்க"ன்னு சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

அண்ணா, முன் சீட்டில் நான் உட்காரலாமா? கூடாது என்றால் வேண்டாம். பின்னால் அம்மா மடியில் தலை வைத்துப் படுத்துக்கொண்டு வருகிறேன். அவளையும் கூட்டிக்கொண்டு வருகிறாய்தானே? கேட்டு எழுது. அவள் என்ன சொன்னாள் என்று அவள் சொன்ன மாதிரியே எழுது. நீ சுருக்கிவிடுகிறாய்.

எல்லோருக்கும் என் அன்பு.
கஸ்தூரி


திருவண்ணாமலை
16-10-78

அன்புத் தங்கச்சிக்கு அண்ணன் எழுதுவது. நாங்கள் சுகமாக இருக்கிறோம். உன் சுகத்துக்கும் வயிற்றில் இருக்கிற மருமகன் சுகத்துக்கும் எழுது.

பூஜை நல்லபடி நடந்தது. பெரிய கோபுரத்துக்கு எதிரே நிறுத்தி, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து, பூசணிக்காய் உடைத்தோம். அம்மா செய்த கூத்தைக் கேள். காரில் ஏறுவதற்கு முன்னால் செருப்பைக் கழற்றி அண்ணி கையில் கொடுத்துவிட்டாள். "கார்ல உக்காந்துதானே போறம், எதுக்கும்மா?"ன்னு கேட்டேன். "கார் சுத்தினா புண்ணியம் காருக்குடா. மல சுத்தறப்ப செருப்பு போடுவாங்களா?"ன்னு என்னையே திருப்பிக் கேட்டாள். நீ கேட்டபடி, அவள் சொன்ன மாதிரியே எழுதியிருக்கிறேன்.

வண்டியில் கொஞ்சம் டிங்கர் வேலை இருக்கிறது. பழைய வண்டி என்றால் அடியில் அங்கே இங்கே இருக்கத்தான் செய்யும். பெரிசாக ஒன்றும் இல்லை. அம்மாவுக்கும் காலில் லேசான சிராய்ப்பு, மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் போட்டிருக்கிறாள். உன்னை அழைக்க அவளும் கட்டாயம் வருகிறாளாம்.

மாப்பிள்ளைக்கும் அத்தைக்கும் வணக்கம்.
சகாதேவன்


திருவண்ணாமலை
2-11-78

மாப்பிள்ளை தருமன் அவர்களுக்கு சகாதேவன் எழுதிக்கொண்டது. நலம் விசாரித்து எழுதும் நிலையில் நான் இல்லை. இதை உங்களோடு வேலை செய்யும் காசியின் பேருக்கு அனுப்புகிறேன். படித்ததும் கிழித்துவிடுங்கள்.

தந்தி கிடைத்ததும் கஸ்தூரியிடம் ஏதோ சாக்குச் சொல்லிவிட்டு வந்து, அம்மாவின் பாடைக்குத் தோள் கொடுத்துவிட்டுப் போனீர்கள். அன்றைக்கு எப்படி நடந்தது என்று கேட்டீர்கள். அத்தனை பேர் நடுவில் சொல்லக் கூடியது இல்லை அது.

அந்த வண்டி கடற்கரையில் மீன் ஏற்றின வண்டி, மாப்பிள்ளை. உப்பும் ஐஸ் தண்ணீரும் இறங்கி இறங்கித் தரைத் தகடு முழுக்கத் துருப்பிடித்து அப்பளமாகிவிட்டிருந்தது. அதன்மேல் தாரைப் பூசி, மேட்டை ஒட்டி, சாம்பிராணி போட்டு விற்றிருக்கிறார்கள். இன்ஸ்பெக்டர் பிரேக்கைப் பார்த்தார், லைட்டைப் பார்த்தார். மேட்டை அவரும் தூக்கவில்லை, நானும் தூக்கவில்லை. நான் இன்ஜின் சத்தத்திலேயே மயங்கிவிட்டேன். விஜயதசமி அன்று மலை சுற்றும்போது, அடி அண்ணாமலை தாண்டி ஒரு பள்ளத்தில் வண்டி இறங்கியபோது அம்மா காலை ஊன்றினாள். தகடு உடைந்து கால் கீழே போய்விட்டது. செருப்பில்லாத கால். துருத் தகடு கிழித்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டேன். "சிராய்ப்புக்கெல்லாம் ஊசியாடா?" என்றாள். நானும் விட்டுவிட்டேன். அப்புறம் ஜன்னி கண்டு தாடை பூட்டிக்கொண்டது. துருவினால் வருவதுதான் என்று டாக்டர் சொன்னார். எத்தனை பேச்சுப் பேசுகிறவள், கடைசியில் ஒரு வார்த்தை பேசவில்லை.

பிரசவம் ஆகிற வரைக்கும் கஸ்தூரிக்குத் தெரிய வேண்டாம். ஒன்று போய் இப்போதுதான் ஒன்று தங்கியிருக்கிறது. பெரியவர்கள் எல்லோரும் அதைத்தான் சொல்கிறார்கள். உங்கள் அம்மாவிடம் மட்டும் சொல்லிவிடுங்கள். மொட்டைத் தலையோடு நான் உங்கள் வாசலில் வந்து நிற்க முடியாது. அவளை இங்கே கூட்டி வரவும் முடியாது, வந்ததும் முதலில் அம்மாவைத்தான் தேடுவாள்.

வண்டியைக் காயலான் கடையில் போட்டுவிட்டேன். ஆனால் டிங்கர் கடையில் நிற்கிறது என்றுதான் கஸ்தூரிக்கு எழுதப் போகிறேன். நான் வராததற்கு வேறு என்ன காரணம் சொல்வது? தீபாவளிக்கென்று அம்மா முன்னமே எடுத்து வைத்திருந்த புடவையைப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன்.

கஸ்தூரியைப் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் உடம்பையும் பார்த்துக்கொள்ளுங்கள்.
சகாதேவன்


மாரிக்குப்பம்
10-11-78

அன்புள்ள அண்ணனுக்குக் கஸ்தூரியின் வணக்கம். இங்கே அனைவரும் சுகம். தீபாவளி அங்கே எப்படி? அதிரசம் யார் சுட்டது, அம்மாவா, அண்ணியா? அண்ணி என்றால் பல் பத்திரம்.

புடவை வந்தது. மயில் கழுத்து நிறம் எனக்குப் பிடிக்கும் என்று அம்மா மறக்கவில்லை. நெட்டை மரம் மாதிரி இருக்கிற எனக்கு எத்தனை கஜம் என்று பார்த்து எடுத்திருக்கிறாள். கட்டிக்கொண்டு நாள் முழுக்க அவிழ்க்கவில்லை. அவள் காலில் புண் ஆறிவிட்டதா? அதைப் பற்றி நீ ஒன்றுமே எழுதவில்லையே.

இங்கே உன் மாப்பிள்ளை யூனியன் மீட்டிங் என்று பங்காரப்பேட்டைக்குப் போய், கண்ணெல்லாம் சிவந்து திரும்பி வந்தார். குடித்துவிட்டு வந்திருக்கிறீர்களா என்று பிடிபிடியென்று பிடித்தேன். எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார். அத்தை அவருக்கு மேல். தண்ணீர்க் குடத்தைத் தொட விடுவதில்லை. எனக்குத் தனியாகக் கீரை கடைந்து வைக்கிறாள். இந்த அம்மா இப்படி நல்லவளாக மாறினால் எனக்குப் பயமாக இருக்கிறது அண்ணா, சீக்கிரம் வந்து கூட்டிக்கொண்டு போ.

நான் எதைச் சாப்பிடலாம், எதைச் சாப்பிடக் கூடாது என்று அம்மாவைக் கேட்டு எழுது.
கஸ்தூரி


திருவண்ணாமலை
20-11-78

அன்புத் தங்கச்சி கஸ்தூரிக்கு. நாங்கள் இருக்கிறோம், நீ நலமாக இரு.

வண்டி வேலை இழுத்துக்கொண்டே போகிறது. ஒரு ஓட்டையைப் பற்ற வைத்தால் பக்கத்தில் இன்னொன்று விழுகிறது என்கிறான் வெல்டிங்காரன். கார்த்திகையில் வர முடியாது போலிருக்கிறது. மார்கழியில் அழைக்கக் கூடாது. தை பிறக்கட்டும் பார்க்கலாம். கோபித்துக்கொள்ளாதே.

அம்மா சொன்னது: "வெறும் வயித்துல காப்பித் தண்ணி குடிக்காத. பப்பாளிய கண்ணால கூட பாக்காத. சாப்பிட்டு ஒடனே படுக்காத, நாலு நட நட. மாமியார் கீர கடஞ்சி குடுத்தா வாய மூடிக்கினு துன்னு, அதுல உப்பு கம்மி புளி ஜாஸ்தின்னு கொற சொல்லாத. உனுக்கு நாக்கு நீளம்."

மயில் கழுத்து அவள் எடுத்ததுதான். கால் புண் ஆறிவிட்டது.

அத்தைக்கும் மாப்பிள்ளைக்கும் வணக்கம்.
சகாதேவன்


மாரிக்குப்பம்
3-12-78

அண்ணனுக்குக் கஸ்தூரி எழுதுவது. நலம் கேட்கும் அளவுக்கு எனக்குப் பொறுமை இல்லை.

தையில் எனக்கு ஒன்பதாம் மாதம். ஒன்பதாம் மாதத்தில் யார் அனுப்புவார்கள்? வண்டி, வண்டி, வண்டி! நான் உன்னைக் கார் கேட்டேனா? உன் வீராப்புக்கு நான் இங்கே உட்கார்ந்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டுமா? பஸ்ஸில் வா. ரயிலில் வா. நடந்து வேண்டுமானாலும் வா. உன்னால் ஆகாது என்றால் அம்மாவை அண்ணியோடு அனுப்பு. முழங்கால் வலி என்று சொல்லாதே. எனக்காக அவள் தவழ்ந்தாவது வருவாள்.

இதுவரை நேற்று எழுதினது. இன்றைக்கு அத்தையிடம், "ரயில்ல போறேன் அத்த, அவர தொணைக்கு அனுப்புங்க, யாரும் வந்து கூப்பிட வேணாம்"னு கேட்டேன். கத்துவாள் என்று நினைத்தேன். என் தலையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு, "இங்கயே இரும்மா. நான் இருக்கறன் இல்ல"ன்னு சொன்னாள். அவள் வயிறு குலுங்கிக்கொண்டிருந்தது. நான் நிமிர்ந்து பார்க்கவில்லை.

வளையல் அத்தையே போட்டுவிட்டாள். பச்சைக் கண்ணாடி வளையல், இரண்டு கை நிறைய.
கஸ்தூரி


மாரிக்குப்பம்
12-1-79

அன்புள்ள அண்ணனுக்கு வணக்கம். நான் நன்றாக இருக்கிறேன். குழந்தை உள்ளே நன்றாகப் புரளுகிறது. நீயும் அண்ணியும் வேளைக்குச் சாப்பிடுங்கள்.

போன கடுதாசிக்கு நீ பதில் போடவில்லை. கோபத்தில் எழுதிவிட்டேன், மனதில் வைத்துக்கொள்ளாதே. வண்டி எப்போது தயாராகும் என்று இனிமேல் கேட்கமாட்டேன். நீ அலைய வேண்டாம்.

ஒன்றே ஒன்று. தீபத்தன்று அம்மா என்ன சொன்னாள், எழுது. வலி வந்தால் நான் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டு அதையும் எழுது. சுருக்காதே. அவள் திட்டினால் திட்டினதையும் எழுது.
கஸ்தூரி


திருவண்ணாமலை
20-1-79

அன்புள்ள கஸ்தூரிக்கு. இங்கே சுகம். உன் சுகம்தான் எங்களுக்கு வேண்டும்.

மலைமேல் ஜோதி தெரிந்ததும் அம்மா மொட்டை மாடியில் நின்றுகொண்டு, "கஸ்தூரி, தெரியுதாடி?"ன்னு கத்தினாள். "அங்கருந்து எப்படிம்மா தெரியும்?"னு கேட்டேன். "போடா, எம் பொண்ணு கண்ணு எனக்குத் தெரியும்"னு சொன்னாள்.

வலிக்கு அம்மா சொன்னது: "கத்தணும்னு தோணினா கத்து. யாரு என்னா நெனப்பாங்களோன்னு பல்ல கடிச்சிக்கினு கெடக்காத. உன்ன பெத்தப்ப நான் போட்ட சத்தம் அடி அண்ணாமலை வரிக்கும் கேட்டுதாம், உங்கப்பன் எந்திரிச்சி ஓடிட்டாரு. வலிய திட்டு, வேணும்னா புருஷன திட்டு, சாமிய மட்டும் திட்டாத. மீதிய அவன் பாத்துக்குவான்."

பயப்படாதே தங்கச்சி. எல்லாம் நல்லபடி ஆகும்.
சகாதேவன்


மாரிக்குப்பம்
25-2-79

அன்புள்ள அண்ணனுக்கும் அண்ணிக்கும் கஸ்தூரியின் வணக்கம். மாசி பிறந்து பெண் குழந்தை பிறந்திருக்கிறது. சுகப் பிரசவம். நானும் குழந்தையும் சுகம். தந்தி கொடுக்கிறேன் என்றார் உன் மாப்பிள்ளை. நான்தான் வேண்டாம், என் கையால் எழுதுகிறேன் என்றேன்.

நன்றாகக் கத்தினேன். அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டு கூடவே கத்தினாள்.

பேர் ராஜம்மாள். அத்தைதான் சொன்னாள், அம்மா பேரையே வைக்கலாம் என்று. சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் முறத்தை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள். நம் பக்கத்தில் உயிரோடு இருக்கிறவள் பேரையா வைக்கிறார்கள், அண்ணா?

அத்தை மடியில் தலை வைத்த அன்றைக்கே எனக்குத் தெரிந்துவிட்டது. அவரைக் கேட்டேன். சட்டைப் பித்தானைக் கழற்றினவர் அப்படியே நின்றார். அதுவே போதுமாக இருந்தது. அழுதால் வயிற்றில் இருக்கிறதுக்கு ஆகாது என்று பைப்படிக்குப் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு நின்றுகொள்வேன். எதனால், எப்படி என்று அவர் நேற்றுத்தான் சொன்னார்.

நீ ஏன் மறைத்தாய் என்று நான் கேட்கப் போவதில்லை. தெரிந்த பிறகும் நான் ஏன் வாயைத் திறக்கவில்லை என்று சொல்கிறேன். கேட்டிருந்தால் நீ நிறுத்தியிருப்பாய். உன் கடுதாசியில் அம்மா பேசிக்கொண்டிருந்தாள். அதே பேச்சு, அதே திட்டு. அதற்காகத்தான் தினம் தபால்காரனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் முகத்தைக்கூட நான் கடைசியாகப் பார்க்கவில்லை. எனக்கு அந்தப் பேச்சுதான் கிடைத்தது.

இன்னும் ஒரே ஒரு தடவை. குழந்தையைப் பார்த்து அம்மா என்ன சொன்னாள்? எழுது அண்ணா.
கஸ்தூரி


திருவண்ணாமலை
2-3-79

கஸ்தூரிக்கும் என் மருமகள் ராஜம்மாளுக்கும் ஆசீர்வாதம். நீங்கள் இருவரும் சுகம் என்று படித்ததே எனக்குப் போதும்.

அம்மா சொன்னது:

"பொட்டப் புள்ளயா? ஆவட்டும், அதான் கடசி வரிக்கும் பாக்கும். மூக்கு யாரு மூக்கு? அவங்க அப்பன் மூக்கா? போவுது, வளந்தா சரியாயிடும். தலைக்கு ஊத்தினா உச்சி குளுந்துடாம தொட. ராவுல அழுதா தூக்கி வெச்சிக்கோ, கை பழகிடும்னு எவளாவது சொன்னா கேக்காத, பழகட்டும். உம் மாமியாகிட்ட எதிர்த்துப் பேசாதடி. நான் நிக்க வேண்டிய எடத்துல அந்தம்மா நின்னுது. நான் கும்புட்டன்னு சொல்லு."

அப்புறம் என் பக்கம் திரும்பினாள். "ஏண்டா சகாதேவா, எம் பேத்தி பொறந்து இத்தினி நாளாவுது, நீ இன்னும் உக்காந்து கடுதாசி எழுதிக்கினு இருக்கிற? அந்த ஊருக்கு பஸ்ஸு போவலயா?"

போகிறது. காலையில் முதல் பஸ்ஸில் நானும் அண்ணியும் புறப்படுகிறோம். இது உன் கைக்குக் கிடைக்கும்போது நான் உன் வீட்டுக்குள்தான் இருப்பேன்.

சகாதேவன்